தலையில் இடிக்கும் சரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பேப்பரில் ஒரு படம் வந்திருந்தது. கடைகளில் பறிமுதல் செய்த பிளாஸ்டிக் கவர்களைத் தரையில் குவித்து வைத்து, அதற்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். வருஷத்துக்கு நான்கைந்து தடவை இந்தப் படம் வந்துவிடும், ஊர் பெயரும் கிலோ கணக்கும்தான் மாறும். அப்படி ஒரு குவியலில் என் கடைக் கவரும் ஒரு தடவை கிடந்திருக்கிறது, அதனால் இதைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், சரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

கடலூருக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து அதே இடம், அதே கல்லாப்பெட்டி. ஒரு நாள் சாயங்காலம், வியாபாரம் மும்முரமாக இருக்கிற நேரம் பார்த்து ரெய்டு வந்தார்கள். மேஜைக்கு அடியில் கவர் கட்டு இருந்தது, மொத்தம் மூன்று கிலோகூட வராது. நான் மறைக்கவில்லை, மறைக்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. மளிகைக் கடைக்கு முதல் தடவை 1,000 ரூபாய், இரண்டாவது தடவை 2,000, மூன்றாவது தடவை 5,000. ஆயிரத்தைக் கட்டினேன், ரசீது கொடுத்தார்கள். தப்பு என் மேல்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது, கவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கூடாது, பார்க்கத் துணி மாதிரி இருக்கிற அந்தப் பைகளும் பிளாஸ்டிக்தான், அவையும் கூடாது, இவ்வளவும் தெரிந்தேதான் வைத்திருந்தேன். ஆள் கைவீசிக்கொண்டு வந்து கால் கிலோ சர்க்கரை, அரைக் கிலோ துவரம்பருப்பு, நாலு முட்டை என்று வாங்கிவிட்டு, "கவர் இல்லையா?" என்று முகத்தைப் பார்ப்பார். இல்லை என்றால் அடுத்த தடவை எதிர்க் கடைக்குப் போய்விடுவார். அது காரணம்தான், நியாயம் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ரெய்டு வந்தவர்களில் ஒருவர் நல்ல உயரம். கடைக்குள் நுழையும்போது, சின்ன சின்ன பாக்கெட்டாகத் தொங்கவிட்டிருந்த ஷாம்பு சரம் அவர் தலையில் இடித்தது, கையால் ஒதுக்கிவிட்டு வந்தார். ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்போதும் வாசல் திரையை விலக்குவது போல அதை விலக்கிவிட்டுத்தான் போனார். மேஜைக்கு அடியில் இருந்தது கண்ணில் பட்டது, நெற்றியில் இடித்தது படவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்த பட்டியலில் அது இல்லை.

அன்றைக்கு ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு வீம்பில் சரங்களை எண்ணினேன். 46 சரம். ஷாம்பு, தேங்காய் எண்ணெய், காபித் தூள், டீத்தூள், துணி துவைக்கும் பவுடர், தலைக்கு அடிக்கும் டை, ஊறுகாய், ரசப்பொடி, பிரியாணி மசாலா, முகத்துக்குப் பூசுகிற கிரீம், பிள்ளைகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கிற பவுடர். சிப்ஸ், பிஸ்கட்டை இதில் சேர்க்கவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிழித்துக் கொடுக்கிறேன் என்று அடுத்த ஒரு வாரம் அட்டையில் கோடு போட்டுப் பார்த்தேன். சராசரியாக 300க்கு மேல் போகிறது. கவர் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்கூட ஒரு நாளைக்கு அறுபது, எழுபதைத் தாண்டியதில்லை. அதாவது எனக்கு அபராதம் போட்ட பிளாஸ்டிக்கைவிட நாலைந்து மடங்கு எண்ணிக்கையில், லைசென்ஸோடு, எம்.ஆர்.பி. அச்சடித்து, ஜி.எஸ்.டி. கட்டி, நான் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

எண்ணிக்கைகூடப் பெரிய விஷயம் இல்லை. அதற்கப்புறம் அது என்ன ஆகிறது என்பதைப் பாருங்கள். எங்கள் தெருவுக்குப் பழைய பேப்பர், இரும்பு எடுக்கிறவர் தள்ளுவண்டியில் வருவார். பால் கவரை எடுத்துக்கொள்வார். எத்தனையோ வீடுகளில் பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கட்டி வைத்திருப்பார்கள், கிலோவுக்கு ஏதோ ஒரு விலை கிடைக்கும். அதனால்தான் இத்தனை லட்சம் வீடுகளில் தினமும் காலையில் பால் கவர் கிழிபட்டாலும் சாக்கடையில் அது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான், போட்ட ஐந்தாவது நிமிஷம் யாராவது பொறுக்கிவிடுவார்கள். ஷாம்பு பாக்கெட்டை நீட்டினால் மட்டும் அவர் தொடக்கூட மாட்டார். ஏன் என்று ஒரு தடவை கேட்டதற்கு, "இது சேராத சரக்கு அண்ணாச்சி" என்றார்.

சேராத சரக்கு. படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். பால் கவர் ஒரே வகை பிளாஸ்டிக், உருக்கினால் மறுபடி ஏதாவது செய்யலாம். ஷாம்பு பாக்கெட், காபி பாக்கெட் எல்லாம் அப்படி இல்லை. வெளியே அச்சடிப்பதற்கு ஒரு வகை பிளாஸ்டிக், நடுவில் காற்றும் ஈரமும் போகாமல் இருக்க அலுமினியம், உள்ளே சூடு வைத்து ஒட்டுவதற்கு இன்னொரு வகை பிளாஸ்டிக், இந்த மூன்றையும் பசை போட்டு ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிரிக்க ஆகும் செலவு கிடைக்கிற சரக்கின் விலையைவிட அதிகம். போதாததற்கு எடையே கிடையாது, ஒரு கிலோ சேர ஆயிரம் காலி பாக்கெட் போல பொறுக்க வேண்டும். யார் குனிவார்கள்? ஆகவே அது கிழிபட்ட இடத்திலேயே கிடக்கிறது, கிணற்றடியில், குளத்துப் படிக்கட்டில், குழாயடியில். மூலை கிழிந்த அந்தச் சின்னத் துண்டு வேறு, பெருக்கினால் துடைப்பத்தில்கூட வராது. மார்கழிக் காலையில் தெருவோரம் குப்பையைக் கொளுத்திக் குளிர் காய்கிறார்களே, அந்தச் சாம்பலைக் கிளறிப் பாருங்கள், பிளாஸ்டிக் எல்லாம் நாம் மூச்சில் இழுத்த புகையாகிவிட்டிருக்கும், அலுமினியம் மட்டும் மீன் செதில் மாதிரி மினுங்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். என் தங்கை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்த பிறகு சேறு அள்ளப் போனேன். மண்வெட்டியில் சேற்றைவிட இதுதான் அதிகம் வந்தது. ஜன்னல் கம்பியில், வேலி முள்ளில், மோட்டார் பம்பில் சுற்றிக்கொண்டு. அதில் பாதி நான் விற்கிற சரக்கின் பெயர்கள். சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒன்றைக் கழுவிப் பார்த்தால் தயாரித்த வருஷம் 2011 என்று போட்டிருக்கிறது, எழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை.

இங்கே எங்கள் ஊர் கதையையும் சொல்லியாக வேண்டும். ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனை கடலூரில் பிறந்தது. சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர்கள் வாங்குகிற பொருள் கூலிக்காரனுக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு அதைச் சின்னதாக்கினால் போதும் என்று நினைத்தவர். அவருடைய பிள்ளைகள் அதைப் பெரிய வியாபாரமாக்கினார்கள். மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொடங்கிய சிக் ஷாம்பு, அப்பாவின் பெயரை வைத்தே வந்த பெயர், நாடு முழுக்கப் போனது. பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளெல்லாம் பாட்டிலை விட்டு இறங்கி வந்து சரம் கட்டித் தொங்கவிட்டதற்கு எங்கள் ஊர்க்காரர்கள்தான் வழி காட்டினார்கள்.

நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். அப்பா கடையில் கூரையிலிருந்து நூல் கண்டு தொங்கும், சீயக்காய்த் தூளைத் தராசில் நிறுத்துப் பேப்பரில் கூம்பாகச் சுற்றி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பொட்டலம் கட்டுவார், பெரும்பாலும் பழைய தினசரிதான், உங்கள் பேப்பரும் இருந்திருக்கும். (இப்போது தின்கிற பொருளைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது, மையில் இருப்பது உடம்புக்கு ஆகாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதுவும் சரிதான்.) எண்ணெய்க்கு வீட்டிலிருந்து பாட்டில் வரும், கழுத்தில் கயிறு கட்டியிருக்கும், பிள்ளைகள் ஆட்டிக்கொண்டே வருவார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாற்று நடப் போகிற பெண்கள் ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்து விலையைக் கேட்டு வைத்துவிட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். சில்லறைக்கு ஒரு பாக்கெட் என்று வந்தபோது அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சாஷேவை, அதாவது இந்தச் சின்ன பாக்கெட்டை ஒழி, பெரிய பாட்டில் வாங்கு என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அன்றாடம் கூலி வாங்குகிறவர் அன்றாடம்தான் வாங்குவார்.

ஆனால் ஒன்று, இப்போது சாஷே ஏழைக்கு மட்டும் என்பது பொய். பாட்டிலில் இருக்கும் ஷாம்புவின் விலையை மில்லிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அதே ஷாம்பு பாக்கெட்டில் மில்லிக்கு எவ்வளவு என்று பாருங்கள், பல கம்பெனியில் பாக்கெட்தான் மலிவு. மளிகைக் கடைக்காரனுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இது நன்றாகத் தெரியும். காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து முழுச் சரமாக வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று நாணயத்துக்குத் தக்கபடி விலை வைத்துப் பழக்கிவிட்டதால் கம்பெனியால் ஏற்றவும் முடியவில்லை. வேண்டுமானால் உள்ளே இருக்கிற சரக்கைக் குறைப்பார்கள், பிளாஸ்டிக் குறைவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 2016இல் மத்திய அரசு கொண்டுவந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டு வருஷத்தில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு வருஷம் 2018 மார்ச்சில் முடிந்தது. அதே மார்ச்சில் ஒரு திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத, அல்லது எரித்து ஆற்றல் எடுக்க முடியாத, அல்லது வேறு உபயோகம் இல்லாத பிளாஸ்டிக்கைத்தான் நிறுத்த வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எரித்துச் சூடு எடுக்க முடியாத பிளாஸ்டிக் உலகத்தில் எங்கே இருக்கிறது? எங்களுக்குப் பக்கத்தில் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, சூளையில் நிலக்கரியோடு சேர்த்துப் போட்டால் எரியும், ஆகவே எல்லாம் ‘ஆற்றல் எடுக்கக்கூடிய’ சரக்காகிவிட்டது. சூளை வரைக்கும் போய்ச் சேர்ந்தால் சரி என்றே வைத்துக்கொள்வோம், குழாயடியில் கிடப்பதை அரியலூருக்கு யார் கொண்டுபோவது? ஒரு ‘அல்லது’ எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். அதே 2016 விதிகளில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் பிளாஸ்டிக் சாஷே கூடாது என்று நேராகவே இருக்கிறது. ஒரு பொருளுக்குக் கூடாது என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றுக்கு எழுதத் தெரியாமல் இல்லை.

2022லிருந்து உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. சந்தைக்கு அனுப்புகிற பிளாஸ்டிக்குக்குக் கம்பெனிதான் கணக்குச் சொல்ல வேண்டும், தானே சேகரிக்காவிட்டால் மறுசுழற்சி செய்கிறவரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் காட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் என் கடைக்கு வந்து ஒரு காலி பாக்கெட் கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. 2020–21இல் நாட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு 41 லட்சம் டன் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கணக்குக் கொடுத்தது. அதில் தள்ளுவண்டிக்காரர் தொட மாட்டேன் என்று சொன்னது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். உலக அளவிலும் இதே இழுபறிதான், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் பத்து நாளுக்கு மேல் உட்கார்ந்து பேசிவிட்டு, பிளாஸ்டிக் தயாரிப்பைக் குறைப்பதா இல்லை குப்பையை மட்டும் கவனிப்பதா என்பதிலேயே ஒத்துப்போகாமல் கலைந்தார்கள்.

நான் கேட்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, எங்கள் ஊரிலேயே ஒரு காலத்தில் நடந்ததுதான். சிக் ஷாம்பு வந்த புதிதில், எந்தக் கம்பெனி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு சிக் காலி பாக்கெட் மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். போட்டிக் கம்பெனியை அடிப்பதற்கான வியாபார உத்தி அது, சுற்றுச்சூழல் என்ற பேச்சே அப்போது கிடையாது. ஆனால் என்ன ஆனது தெரியுமா, பிள்ளைகள் குளத்துப் படிக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்து ஐந்தாக ரப்பர் பேண்ட் போட்டு அப்பாவிடம் நீட்டுவார்கள், நான் எண்ணி வாங்கி டப்பாவில் போடுவேன். அந்தக் கொஞ்ச காலம் காலி பாக்கெட் சேர்கிற சரக்காக இருந்தது.

காலி சரக்கைத் திரும்ப வாங்குவது கடைக்காரனுக்குப் புதிதும் இல்லை. சோடா, கலர் எல்லாம் கண்ணாடி பாட்டிலில் வந்தபோது காலி பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குக் கொடுப்போம். இப்போது நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள், உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போயிருக்கிறது. குடிகாரரே பாட்டிலைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார் என்றால் மற்றவர்கள் கொண்டுவர மாட்டார்களா?

ஒரு ரூபாய் பாக்கெட்டுக்கு எப்படி முன்பணம் வாங்குவது, இருபத்தைந்து காசு 2011லேயே செல்லாமல் போய்விட்டது, ஐம்பது காசை யாரும் வாங்குவதில்லை என்று கேட்கலாம். ஆகவேதான் அந்தப் பழைய வழியையே சொல்கிறேன், ஐந்துக்குப் பதில் பத்துக்கு ஒன்று. பத்துக் காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட், செலவு கம்பெனியோடது. திரும்பக் கொண்டுபோக வண்டி ஏது என்றால், இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை ஏஜென்சி வண்டி என் கடைக்கு வருகிறது. நிறைய சரக்கோடு வருகிற வண்டி திரும்பும்போது காலியாகத்தான் போகிறது. எலி கடித்த பாக்கெட், ஒழுகின பாக்கெட், தேதி முடிந்த பாக்கெட் எல்லாவற்றையும் டேமேஜ் என்று ஒன்று விடாமல் எண்ணி எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கழித்துக் கொடுக்கிறார்கள். சரக்கு இருக்கிற கெட்டுப்போன பாக்கெட்டைத் திருப்பி எடுக்கத் தெரிந்த கம்பெனிக்குக் காலி பாக்கெட்டை எடுக்க வழி தெரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன், நாற்பது வருஷமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, சொல்வதோடு நிற்பானேன் என்று நானே ஒன்று செய்து பார்த்தேன். அபராதம் கட்டின பிறகு கவர் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், இரண்டு மூன்று பேர் எதிர்க் கடைக்குப் போனார்கள், ஒருவர் திரும்பி வந்துவிட்டார். கடை வாசலில் ஒரு காலி பிஸ்கட் டின்னை வைத்து, பத்துக் காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு கடலை மிட்டாய் என்று அட்டையில் எழுதி மாட்டினேன். கண்ணாடிப் பாட்டிலில் இருக்கிற கடலை மிட்டாய், ஒவ்வொன்றுக்கும் கவர் சுற்றினது இல்லை, சாக்லேட் கொடுத்திருந்தால் அதுவே இன்னொரு குப்பையாகியிருக்கும். முதல் வாரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று மாசத்தில் இரண்டு மூட்டை, என் தராசில் நிறுத்தால் 11 கிலோ. ஊறுகாய் பாக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், எறும்பு வருகிறது, மற்றபடி குடோன் முழுக்க ஷாம்பு வாசனை. குழாயடியில் இப்போது காலி பாக்கெட் கிடப்பது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது, பக்கத்துத் தெருவிலிருந்தும் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள், ஒரு பையன் தாத்தா வீட்டுக்கு லீவுக்குப் போய் அந்த ஊரிலிருந்தே நாற்பது கொண்டுவந்தான். கடலை மிட்டாய்க்கு ஆன செலவு நான் கட்டின அபராதத்தைத் தாண்டிவிட்டது என்று வீட்டில் தினமும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு மூட்டையை என்ன செய்வது என்பதுதான் இப்போது பிரச்சினை. தள்ளுவண்டிக்காரரிடம் சும்மா எடுத்துக்கொள் என்றேன், வண்டியில் இடத்தை அடைக்கும் என்று மறுத்துவிட்டார். ஏஜென்சி வண்டிப் பையனிடம் கேட்டேன், சிரித்துவிட்டு பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். குப்பை வண்டியில் போட்டால் கிடங்குக்குத்தான் போகும், அதற்காகவா இத்தனை கடலை மிட்டாய் கொடுத்தேன். உங்கள் பேப்பரைக் கம்பெனிக்காரர்களும் படிப்பார்கள், அதிகாரிகளும் படிப்பார்கள். என் முகவரியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அச்சிட வேண்டாம், யாராவது கேட்டால் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை லீவு, மற்ற நாளில் எப்போது வந்தாலும் மூட்டையைத் தூக்கி வண்டியில் ஏற்ற நான் ஒரு கை கொடுக்கிறேன். உயரமானவராக இருந்தால் வாசலில் கொஞ்சம் குனிந்து வரச் சொல்லுங்கள், சரம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கடலூர் மாவட்டம்.